தம்பியின் ரத்தம் ஏன் கூடாது? மஜ்ஜை மாற்றில் டி செல்கள் செய்வது என்ன

எலும்பு மஜ்ஜை மாற்றுக்குக் காத்திருப்பவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், கையை நீட்டிக்கொண்டு முதலில் வந்து நிற்பது கூடப்பிறந்தவர்கள்தான். சிகிச்சைக் குழுவோ வேண்டாம் என்று சொல்லிவிடும். முன்பின் தெரியாத யாரோ கொடுத்த ரத்தம்தான் ஏறும். அதுவும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டு, பையின் மேல் அதற்கான ஒட்டுச்சீட்டோடு வரும். சொந்த ரத்தம் இருக்கும்போது யாரோ ஒருவர் ரத்தம் எதற்கு என்று வீட்டில் மனத்தாங்கல்கூட வருவதுண்டு.

காரணங்கள் இரண்டு. நாளைக்கு மஜ்ஜை கொடுக்கப்போவது அந்தத் தம்பியாகவே இருக்கலாம். அவர் ரத்தத்தை முன்கூட்டியே ஏற்றினால், நோயாளியின் உடல் அவருடைய அணுக்களை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும். பிறகு மஜ்ஜை வந்து இறங்கும்போது விரட்டப் பார்க்கும். இது ஒன்று. இரண்டாவது காரணம் இதற்கு நேர் எதிர்த் திசையில் வருவது. ரத்தப் பையில் சிவப்பணுக்களோடு கொஞ்சம் உயிருள்ள வெள்ளை அணுக்களும் இருக்கும். அவற்றில், அந்நியச் செல்களை அடையாளம் கண்டு தாக்கும் டி செல்களும் உண்டு. சாதாரணமாக நம் உடல் அவற்றை அடையாளம் கண்டு அழித்துவிடும். ஆனால் நெருங்கிய உறவினரின் செல் என்றால், சில சமயம் நோயாளியின் உடலுக்கு அது வேற்றாளாகத் தெரிவதில்லை. வந்த செல்லுக்கு மட்டும் இந்த உடல் வேற்றிடமாகத் தெரிகிறது. அப்புறம் அது பெருகித் தோல், குடல், கல்லீரல், மஜ்ஜை என்று எல்லாவற்றையும் தாக்கும். அபூர்வமாகத்தான் நடக்கும்; நடந்தால் 100-இல் 90 பேருக்கு மேல் பிழைப்பதில்லை. அதனால்தான் ரத்த வங்கியில் 25 கிரே அளவு கதிர்வீச்சு. அதன் பிறகு டி செல்லால் பிளந்து பெருக முடியாது. உட்கருவே இல்லாத சிவப்பணுவுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை.

நோயாளியின் அணு கொடையாளியை விரட்டுவது, கொடையாளியின் அணு நோயாளியைத் தாக்குவது: மஜ்ஜை மாற்றின் பெரிய சிக்கல்கள் பலவும் இந்த இரண்டுக்குள் வந்துவிடும். சிறுநீரகமோ கல்லீரலோ வைக்கும்போது பெரும்பாலும் முதலாவதைப் பற்றித்தான் கவலை. மஜ்ஜை அப்படியல்ல, நோய் எதிர்ப்பு அணுக்கள் பிறக்கும் இடமே அதுதான். அதைக் கொடுக்கும்போது, பிறந்து முதிர்ந்து சண்டைக்குத் தயாராக இருக்கும் டி செல்களும் கூடவே போகின்றன. அவை நோயாளியைத் தாக்குவதைத்தான் வார்டில் எல்லோரும் ஜி.வி.ஹெச்.டி. என்கிறார்கள்.

எலிகள் முதலில் சொன்னது

1956-இல் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுக்கூடத்தில் பார்ன்ஸ், லூட்டிட் என்ற இருவரும் லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) வந்த எலிகளுக்குக் கடும் கதிர்வீச்சு கொடுத்து, பிறகு மஜ்ஜை செலுத்திப் பார்த்தார்கள். சில எலிகளுக்கு அதே இனத்து எலியின் மஜ்ஜை. சிலவற்றுக்கு வேறு இனத்து எலியின் மஜ்ஜை. அதே இனத்து மஜ்ஜை பெற்றவை தேறின, ஆனால் லுக்கேமியா திரும்பி வந்தது. வேறு இனத்து மஜ்ஜை பெற்றவற்றில் லுக்கேமியா திரும்பவில்லை. ஆனால் அவை மெலிந்து, வயிற்றுப்போக்கு வந்து செத்தன. இன்றுவரை இந்தத் துறை மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் விஷயம் முழுவதும் அந்த ஒரு சோதனையிலேயே இருந்தது என்பேன். நோயைத் தீர்த்ததும் எலியைக் கொன்றதும் ஒரே அணுவாக இருக்கலாம் என்ற எண்ணம் அப்போதே முளைத்துவிட்டது. அதை மனிதர்களில் காட்ட இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் டொனால் தாமஸ் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை செலுத்தினார். ஒருவரும் நீண்ட நாள் பிழைக்கவில்லை. 1958 அக்டோபரில் யூகோஸ்லாவியாவின் வின்சா அணு உலை விபத்தில் கதிர்வீச்சுக்கு ஆளான ஆறு பேரைப் பாரிசுக்குக் கொண்டுவந்தபோது, அவர்களில் ஐவருக்குப் பிரெஞ்சு மருத்துவர் ஜார்ஜ் மத்தே மஜ்ஜை செலுத்தினார். நால்வர் பிழைத்தார்கள். ஏற்றிய மஜ்ஜை கொஞ்ச காலம் தாக்குப்பிடித்ததே ஒழிய நிலைக்கவில்லை. அவர்களுடைய சொந்த மஜ்ஜையே மீண்டு வந்தது. 1960-களில் தோல்வி மேல் தோல்வி கண்டு பலர் இந்தச் சிகிச்சையையே கைவிட்டார்கள். தாமஸ் விடவில்லை. 1990-இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

இடையில் இரண்டு விஷயங்கள் தெளிவாயின. ஜி.வி.ஹெச்.டி. வர மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்று 1966-இல் நோய் எதிர்ப்பு ஆய்வாளர் பில்லிங்ஹாம் வகுத்தார்: செலுத்துவதில் சண்டைக்குத் தகுதியுள்ள அணுக்கள் இருக்க வேண்டும், கொடையாளியிடம் இல்லாத அடையாளங்கள் நோயாளியின் திசுக்களில் இருக்க வேண்டும், வந்த அணுக்களை விரட்டும் சக்தி நோயாளிக்கு இல்லாமலிருக்க வேண்டும். தம்பியின் ரத்தப் பையில் மூன்றும் கூடிவிடலாம் என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது, ஹெச்.எல்.ஏ. என்ற திசு அடையாளங்கள். அவற்றில் முதலாவதைப் பிரான்சின் ழான் தோசே 1958-இல் கண்டறிந்தார். ஆறாவது குரோமோசோமில் இவற்றுக்கான மரபணுக்கள் கொத்தாக இருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒரு கொத்து, அம்மாவிடமிருந்து ஒரு கொத்து. அதனால் கூடப்பிறந்த ஒருவரோடு முழுவதும் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பெற்றோரோடு பாதிப் பொருத்தம் நிச்சயம்.

நம்மூரில் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று திருமணம் செய்துகொண்ட குடும்பங்களில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். இரு பக்கமும் ஒரே கொத்து சுற்றிவருவதால் அப்பாவோ சித்தப்பாவோகூட முழுப் பொருத்தமாக அமைவதுண்டு. டாக்டர்கள் சொந்தத் திருமணமா என்று கேட்டுவிட்டுப் பரிசோதனை வட்டத்தைப் பெரிதாக்குவது இதற்காகத்தான். ஆனால் அதே காரணத்தால் ஒருவரிடம் இரண்டு கொத்துகளும் ஒன்றாகவே அமைந்துவிடவும் கூடும். அப்படிப்பட்டவரின் ரத்தம்தான், அதே கொத்து ஒரு பக்கம் மட்டும் இருக்கும் உறவினருக்கு மேலே சொன்ன ஆபத்தைக் கொண்டுவரும்.

ஹெச்.எல்.ஏ. முழுதாகப் பொருந்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே கருவில் பிறந்த இரட்டையர் அல்லாத யாருக்கும் மற்ற மரபணுக்களில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. அந்த வித்தியாசத்தால் உருவாகும் புரதத் துணுக்குகளை ஹெச்.எல்.ஏ. மூலக்கூறுகள் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். டி செல் அதைப் படித்துவிடும். தெளிவான உதாரணம், ஒய் குரோமோசோம். ஆணின் செல்களில் இருக்கும் சில புரதங்கள் பெண்ணுக்குப் புதியவை. அக்கா தன் தம்பிக்கு மஜ்ஜை கொடுத்தால், அதிலும் அவர் பிள்ளை பெற்றவர் என்றால், நாள்பட்ட ஜி.வி.ஹெச்.டி. வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆண் கருவைச் சுமந்தபோதே அவருடைய டி செல்கள் அந்த அடையாளங்களைப் பழகியிருக்கலாம்.

உடலுக்குள் நடப்பது

கலகம் டி செல்லில் தொடங்குவதில்லை. மாற்றுக்கு முன் கொடுக்கும் கடும் கீமோவிலோ கதிர்வீச்சிலோ தொடங்குகிறது. பழைய மஜ்ஜையை அழிக்கக் கொடுக்கும் மருந்து குடலின் உட்சுவரையும் புண்ணாக்கும். குடலில் இருக்கும் பாக்டீரியாக்களின் பொருட்கள் சுவரைத் தாண்டி உள்ளே கசியும். காயம்பட்ட செல்களும் நோயாளியின் சொந்த மேக்ரோஃபேஜ்களும் (கிருமிகளை விழுங்கும் அணுக்கள்) டி.என்.எஃப். போன்ற அழற்சிச் சுரப்புகளைக் கொட்டும். நோயாளியின் டெண்ட்ரிட்டிக் செல்கள் (டி செல்லுக்கு அடையாளம் காட்டுபவை) விழித்துக்கொண்டு, தங்கள் அடையாளங்களை ஏந்தி நிற்கும். மாற்று முடிந்து சில நாட்களில் கொடையாளியின் டி செல்கள் இவற்றைச் சந்தித்து, வெளியாள் என்று முடிவுகட்டி, பல மடங்கு பெருகித் தோல், கல்லீரல், குடலுக்குப் புறப்படும்.

வார்டில் இது எப்படித் தெரியும்? கவுன்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ஏறத் தொடங்கியதும் வீடே சந்தோஷப்படும். அதே நாட்களில்தான் உள்ளங்கை, உள்ளங்கால், காது மடல் சிவந்து எரிச்சலெடுக்கும். உடலில் எத்தனை சதவீதம் சிவந்திருக்கிறது என்று டாக்டர் கணக்கெடுப்பார். பாதி உடலைத் தாண்டினால் மூன்றாம் நிலை. ரத்தத்தில் பிலிருபின் (கல்லீரல் கெடும்போது ஏறுவது) டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று தினமும் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைய வயிற்றுப்போக்கு 500 மில்லியைக் கடந்தால் குடலும் கணக்கில் சேரும். ஒன்றரை லிட்டரைக் கடந்தால் நிலைமை மோசம். ஒவ்வொரு முறையும் அளந்து சீட்டில் எழுதச் சொல்லும் நர்ஸின் மேல் எரிச்சல்படும் குடும்பங்கள் உண்டு. அந்தக் கணக்கை வைத்துத்தான் ஸ்டீராய்டு எவ்வளவு என்று முடிவாகிறது.

சிகிச்சையின் முதல் மருந்து இன்றைக்கும் ஸ்டீராய்டுதான். அது டி செல்லை ஒடுக்கும். ஆனால் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் போதுமான பலன் இருப்பதில்லை. அவர்களுக்கு இப்போது ரூக்ஸோலிடினிப் என்ற மாத்திரை கை கொடுக்கிறது. 2020-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் 28-ஆம் நாளில் அதற்குப் பலன் கண்டவர்கள் 62 சதவீதம். மற்ற மருந்துகளுக்கு 39 சதவீதம்.

டி செல்லே இல்லாமல் செய்தால்?

கேட்டவுடன் நியாயமாகப்படும் கேள்வி. 1980-களில் செய்தும் பார்த்தார்கள். கொடையாளியின் மஜ்ஜையிலிருந்து டி செல்களை வடிகட்டிவிட்டுச் செலுத்தினார்கள். ஜி.வி.ஹெச்.டி. நன்றாகவே குறைந்தது. ஆனால் புது மஜ்ஜை பிடிக்காமல் போவது கூடியது, வைரஸ் தொற்று கூடியது, லுக்கேமியா திரும்புவதும் கூடியது. ஒன்றைக் கட்டினால் மூன்று அவிழ்ந்தன.

1990-இல் மேரி ஹொரொவிட்ஸும் கூட்டாளிகளும் 2,254 நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோது படம் முழுமையானது. ஜி.வி.ஹெச்.டி. வந்தவர்களுக்கு லுக்கேமியா திரும்புவது குறைவு. ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடம் பெற்றவர்களுக்கும், டி செல் வடிகட்டிய மஜ்ஜை பெற்றவர்களுக்கும் திரும்புவது அதிகம். மஜ்ஜை மாற்றில் கீமோ மட்டும் நோயைத் தீர்க்கவில்லை. கொடையாளியின் டி செல்கள்தான் மிச்சமிருந்த புற்று அணுக்களைத் தேடிப்பிடித்து அழித்திருக்கின்றன. அதே ஆண்டு ஜெர்மனியின் மியூனிக்கில் ஹான்ஸ்-யோகெம் கோல்ப், மாற்றுக்குப் பிறகு லுக்கேமியா திரும்பிய மூவருக்குப் பழைய கொடையாளியின் வெள்ளை அணுக்களையே மறுபடி ஏற்றி நோயை அடக்கிக் காட்டினார். இன்றும் இது நடைமுறையில் இருக்கிறது. சின்ன அளவில் ஆரம்பித்து, ஜி.வி.ஹெச்.டி. தலைகாட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள்.

ஆக, டி செல்லைக் கெட்டவன் என்று எழுதுவதும் தவறு, மீட்பன் என்று எழுதுவதும் தவறு. எந்த நோய்க்கு மாற்று நடக்கிறது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும். பொதுவாக எழுதப்படும் கட்டுரைகளில் இது விட்டுப்போகிறது. லுக்கேமியா நோயாளிக்குத் தோலில் லேசாகச் சிவப்பு வந்தால் டாக்டர் உள்ளூர ஆறுதல்கூடப் படலாம். பிறவியிலேயே ரத்தம் சரியாக உருவாகாத தலசீமியாக் குழந்தைக்கோ, மஜ்ஜை வறண்டுபோன அப்ளாஸ்டிக் அனீமியா நோயாளிக்கோ அழிக்க வேண்டிய புற்று எதுவும் இல்லை. அவர்களுக்கு ஜி.வி.ஹெச்.டி.யால் துளியும் லாபம் கிடையாது, முழுக்க நஷ்டம். வேலூர் சி.எம்.சி.யில் 1986-இல் மஜ்ஜை மாற்று தொடங்கியதிலிருந்து தலசீமியா அங்கே முக்கியமான பணியாக இருக்கிறது. அந்தக் குழந்தைகளிடம் முதல் பயம் எதிர்ப்பக்கத்தில்: ஆண்டுக்கணக்கில் மாதாமாதம் ரத்தம் ஏற்றியதால் அவர்களுடைய டி செல்கள் பலருடைய அடையாளங்களையும் பார்த்துப் பழகி, வரும் மஜ்ஜையைத் தள்ளிவிடத் தயாராக இருக்கும். இரு பக்க டி செல்களையும் ஒடுக்க ஏ.டி.ஜி. என்ற எதிரணு மருந்து பல இடங்களில் சேர்க்கப்படுகிறது.

எங்கிருந்து எடுப்பது என்பதிலும் இதே கணக்குதான். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையாக எடுக்கலாம். அல்லது கொடையாளிக்குச் சில நாள் ஊசி மருந்து போட்டு, ரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, கையிலிருந்தே பிரித்தெடுக்கலாம். இரண்டாவது கொடையாளிக்குச் சுலபம், கவுன்டும் சீக்கிரம் ஏறும். ஆனால் அதில் டி செல்கள் ஏறத்தாழ பத்து மடங்கு. உறவல்லாத கொடையாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், நாள்பட்ட ஜி.வி.ஹெச்.டி. ரத்தத்திலிருந்து எடுத்ததில் 53 சதவீதம், மஜ்ஜையில் 41 சதவீதம். தலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியாவுக்கு முடிந்தவரை மஜ்ஜையே வேண்டும் என்று பல டாக்டர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

மூன்றாம் நாள் மருந்து

டி செல்லில் நல்லது, கெட்டது பிரிப்பது எப்படி? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உருவான வழி ஆச்சரியமாக எளிமையானது. வடிகட்டாமல் எல்லா டி செல்லையும் செலுத்திவிடுகிறார்கள். இரண்டு நாள் சும்மா இருக்கிறார்கள். நோயாளியின் திசுவைப் பகையாகப் பார்க்கும் டி செல்கள் அதற்குள் விழித்துப் பெருகத் தொடங்கியிருக்கும், மற்றவை தூங்கிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து. வயலில் களை முளைவிட்டுத் தலைநீட்டும் வரை காத்திருந்து மருந்தடிப்பதைப் போலத்தான். வேகமாகப் பெருகும் செல்கள் அடிவாங்கும். ஸ்டெம் செல்களிடம் இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதி நிறைய இருப்பதால் அவை தப்பிக்கும். அடங்கிக் கிடக்கச் சொல்லும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் பெரும்பாலும் தப்பிக்கின்றன. பகைச் செல்கள் எல்லாம் செத்துவிடுவதில்லை, தப்பியவை சோர்ந்துபோகின்றன என்று பின்னர் வந்த எலி ஆய்வுகள் காட்டின.

இதனால் பாதிப் பொருத்தமே போதும் என்றாகிவிட்டது. அப்பா, அம்மா, பிள்ளை என யாரும் கொடுக்கலாம். கூடப்பிறந்தவர் இல்லாத, சென்னையின் தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகளிலும் பொருத்தம் கிடைக்காத குடும்பங்களுக்கு இது பெரிய கதவு. மருந்தும் பழையது, விலை மலிவு. பிறகு முழுப் பொருத்தமுள்ளவர்களுக்கும் முயன்றார்கள். 2023-இல் வெளியான ஒப்பீட்டில், கடும் ஜி.வி.ஹெச்.டி.யோ நோய் திரும்புவதோ இல்லாமல் ஓராண்டைக் கடந்தவர்கள் இந்த முறையில் 52.7 சதவீதம், பழைய முறையில் 34.9 சதவீதம்.

மேலே சொன்ன ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற டி செல்களின் ஆவேசத்தை அடக்குவது இவற்றின் வேலை. 1995-இல் இவற்றை அடையாளம் காட்டிய ஷிமோன் சகாகுச்சிக்கும், மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025-இல் நோபல் கிடைத்தது. பின்னிருவரும் இவற்றை இயக்கும் மரபணுவைக் கண்டவர்கள். இந்தச் செல்களைப் பிரித்தெடுத்து முதலில் செலுத்தி, சில நாள் கழித்துச் சாதாரண டி செல்களைக் கொடுக்கும் சிகிச்சைகள் சோதனையில் இருக்கின்றன. இன்னொரு பக்கம் என்.கே. செல்கள், கெட்டுப்போன செல்களை நேரடியாகக் கொல்லும் வெள்ளை அணுக்கள். இத்தாலியின் பெருஜியாவில் வெலார்டி குழு 2002-இல் எலிகளிலும் நோயாளிகளிலும் காட்டியது சுவாரசியமானது: கொடையாளியின் என்.கே. செல்கள் லுக்கேமியா அணுவைக் கொல்கின்றன. எலியில், கலகத்தைத் தூண்டும் நோயாளியின் டெண்ட்ரிட்டிக் செல்களையும் கொன்று ஜி.வி.ஹெச்.டி.யையே குறைக்கின்றன.

நாள்பட்டுப் போனால்

முன்பெல்லாம் 100 நாளுக்கு முன் வந்தால் தீவிர வகை, பின் வந்தால் நாள்பட்ட வகை என்று பிரிப்பார்கள். இப்போது நாளைப் பார்ப்பதில்லை, குணத்தைப் பார்க்கிறார்கள். நாள்பட்ட வகையில் கண்ணீர் வற்றும். வாய் காய்ந்து காரம் தொட முடியாது. தோல் இறுகி முழங்கை மடங்காது. நுரையீரலின் சின்னக் குழாய்கள் தழும்பேறி அடைபடும். இங்கே டி செல் தனியாக இல்லை. கட்டுப்பாடு இழந்த பி செல்கள் சொந்த உடலுக்கு எதிராகவே எதிரணுக்களைச் செய்கின்றன; மேக்ரோஃபேஜ்கள் தழும்புத் திசுவை வளர்க்கின்றன. புது மருந்துகள் வந்த வரிசையே இதைச் சொல்லும்: அமெரிக்காவில் அனுமதி பெற்றவற்றில் 2017-இன் இப்ரூடினிப் பி செல்லைக் குறிவைக்கிறது, 2024-இன் ஆக்ஸாடிலிமாப் மேக்ரோஃபேஜை. விலையைப் பற்றி இங்கே பேசாமலிருப்பதே நல்லது.

தைமஸ் சுரப்பியும் சேதப்படுகிறது. டி செல்கள் பயிற்சி பெறும் இடம் அதுதான். வயது ஏற ஏற அது எப்படியும் சுருங்கும், கீமோவும் ஜி.வி.ஹெச்.டி.யும் சேர்ந்து மேலும் நசுக்கும். பாக்டீரியாவை எதிர்க்கும் நியூட்ரோஃபில்கள் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பும், என்.கே. செல்கள் அடுத்த சில வாரங்களில். டி செல், பி செல்லின் முழு அணி திரள ஓராண்டோ இரண்டோ ஆகும். இந்த இடைவெளியில்தான் சி.எம்.வி. வைரஸும் பூஞ்சையும் காசநோயும் தலைதூக்குகின்றன. மாற்றுக்குப் பிறகு இறந்தவர்களில் பலர் ஜி.வி.ஹெச்.டி.யால் நேரடியாகச் சாகவில்லை, அதை அடக்கக் கொடுத்த மருந்தின் நிழலில் வந்த தொற்றால் செத்தார்கள்.

குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளின் நினைவும் பழைய அணுக்களோடு பெரும்பாலும் போய்விடுவதால், எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். பல ஊசிகள் ஆறாம் மாதவாக்கில் தொடங்கும். தட்டம்மை மாதிரி உயிர்க்கிருமி ஊசிகள் இரண்டு ஆண்டு கழியாமலும், எதிர்ப்பை ஒடுக்கும் மருந்துகள் நிற்காமலும் கிடையாது. அதுவரை வீட்டிலிருக்கும் மற்றவர்கள் தங்கள் ஊசிகளைப் போட்டு முடித்திருக்க வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், போலியோ சொட்டு மருந்து முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் மாற்றுக் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சொட்டு மருந்தில் இருக்கும் உயிருள்ள கிருமி குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் வெளியேறும். குழந்தைக்கு ஊசியாகப் போடும் போலியோ மருந்தும் இருக்கிறது, அதில் இந்தச் சிக்கல் இல்லை.